சகலை வீட்டுச் சுத்த மண்

ஜனவரி 9
லாரிப் பட்டறை

சகலைக்கு,

போன் இருக்கும்போது இவன் எதுக்கு லெட்டர் போடுறான்னு முழிக்காத. போன்ல பேசினா ரெண்டு வீட்லயும் அக்காவும் தங்கச்சியும் ஸ்பீக்கரைப் போட்டுட்டு நடுவுல உக்காந்துக்குறாங்க. நான் ஒண்ணு சொன்னா இங்க ஒருத்தி திருத்துறா. நீ ஒண்ணு சொன்னா அங்க ஒருத்தி சிரிக்கிறா. ரெண்டு ஆம்பளைங்க நிம்மதியா திட்டிக்க முடியல. அதனால பதிலை வீட்டுக்குப் போடாத, பட்டறைக்குப் போடு. நான் அஞ்சாங்கிளாஸு. எழுத்து டயர் தடம் மாதிரி கோணக்கா மாணக்கான்னுதான் போகும். நீ சர்வேயரா இருந்தவன், தடத்தைப் பாத்தே வண்டி எங்க போகுதுன்னு கண்டுபுடிச்சிருவ. இன்னொண்ணு, முறையில நீ பெரியவன், வயசுல எனக்கு ரெண்டு மாசம் சின்னவன். நான் வயசைப் பாத்து நீன்னு எழுதுறேன். நீ முறையைப் பாத்துக் கோவிச்சுக்காத.

விசயத்துக்கு வரேன். எம் பொண்ணு மிளகு உன் வீட்டுக்கு வந்து ஒண்ணரை வருசம் ஆச்சு. உங்க ஊரு யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றாளேன்னு உன் வீட்ல விட்டேன். தங்குறதுக்குத்தான்யா விட்டேன். தத்துக் குடுக்கல.

போன் பண்ணா என்ன பேசுறாங்கற? பெரியப்பா டேப் புடிச்சாரு, பெரியப்பா குழி தோண்டுனாரு, பெரியப்பா மண்ணு சலிச்சாரு. கடைசியில "அப்பா சாப்பிட்டீங்களா"ன்னு ஒரு வார்த்தை, லோடு லாரிக்குப் பின்னால கட்டுற செவப்புத் துணி மாதிரி.

அவ என்ன படிக்கிறான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. என் பட்டறைத் தரையில முப்பது வருசமா நான் ஊத்துன எரிஞ்ச ஆயிலு மண்ணோட எப்படி ஒட்டிக்குது, கழுவுனா விடுமா விடாதான்னு பாக்குறா. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணை மண்ணு மேல அடிக்கிறா. மண்ணுல கலந்திருக்கறது ஒவ்வொண்ணும் தனக்குப் புடிச்ச வெளிச்சத்தைக் குடிச்சிரும். எது எவ்வளவு குடிச்சுதுன்னு மெஷின் ஒரு கோடு போட்டுக் காட்டும். எண்ணெய் இருந்தா கோட்டுல ரெண்டு பல்லு நீட்டிக்கிட்டு நிக்கும். மண்ணை வச்சு அமுக்குற எடத்துல வைரக்கல்லாம்! என் பொண்டாட்டிக்கு நான் வாங்கித் தராத வைரத்து மேல என் பட்டறை மண்ணு ஜம்முனு ஒக்காந்திருக்கு.

அதுவரைக்கும் சந்தோசம்தான். போன வாரம் ஒரு போட்டோ அனுப்புனா. மேசையில ரெண்டு வரிசை டப்பா. ஒரு வரிசையில 'பட்டறை, மாசு மண்'னு சீட்டு. இன்னொரு வரிசையில 'பெரியப்பா தோட்டம், சுத்த மண்'.

அவ தவழ்ந்தது எந்த மண்ணுலன்னு கேட்டுச் சொல்லு.

இப்படிக்கு,
மாசு மண்ணுக்காரன்


ஜனவரி 17

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'தத்து' என்ற சொல் உள்ள பக்கத்தை என் மனைவி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தப் பதில் இவ்வளவு மரியாதையாக இருந்திருக்காது.

'சுத்த மண்' என்பது எனக்குக் கொடுத்த பட்டமல்ல. எண்ணெய் படாத மண் எப்படிக் கோடு போடும் என்று தெரிந்தால்தான், எண்ணெய் பட்ட மண்ணில் கூடுதலாக என்ன வந்திருக்கிறது என்று சொல்ல முடியும். அதற்கு ஒரு தோட்டம் வேண்டியிருந்தது. இருபது வருடமாகப் பூச்சிமருந்துகூடத் தெளிக்காத தோட்டம் என்னுடையது. இதில் என் தவறு எதுவும் இல்லை.

உங்களுக்கு ஆர்வம் இருக்கும் என்பதால் விவரம் எழுதுகிறேன். தக்காளிப் பாத்திக்குப் பின்னால் நாலடிக்கு நாலடி இடம் ஒதுக்கி, ஓரடிக்கு ஓரடியாகப் பதினாறு கட்டம் பிரித்து, முளை அடித்து, வெள்ளைக் கயிறு கட்டியிருக்கிறேன். ஒரு நூல்கூட விலகல் கிடையாது. பிப்ரவரி நடுவில் பதினாறு கட்டத்திலிருந்தும் ஒவ்வொரு கரண்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து, மிளகு கடைசி அளவு எடுக்கப் போகிறாள். அதை வைத்துத்தான் ஏப்ரல் முடிவுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும்.

எழுதிய வரைக்கும் எனக்குப் படித்துக் காட்டினாள். பாதி புரிந்தது. நன்றி சொல்லும் பக்கம் முழுவதும் புரிந்தது. அதில் முதல் பெயர் என்னுடையது. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். உங்கள் பெயர் எங்கே வருகிறது என்றும் கேட்டேன். உங்கள் பட்டறை 'ஆய்வு நடந்த இடங்கள்' என்ற தலைப்பில் வருகிறதாம்.

பிப்ரவரி முதல் வாரம் என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். தங்கையை அழைத்துக்கொண்டு வாருங்கள். கயிறு கட்டியதை நேரிலேயே பார்க்கலாம்.

அன்புடன்,
சர்வேயர்


ஜனவரி 24
பட்டறை

சகலை,

ஒரு தடவை வேண்டாம்னு சொன்னியா? பெரிய தியாகி.

உன் லெட்டரை நாலு தரம் படிச்சேன். நாலாவது தரம் படிக்கும்போது என் காதுல புகை வந்திருச்சு. பக்கத்துல நின்ன லாரி டிரைவரு, "மேஸ்திரி, ரேடியேட்டர் கொதிக்குது போல, மூடியைத் தொறந்து விடுங்க"ன்னு நக்கலடிக்கிறான்.

நான் "நடந்த இடம்", நீ "நன்றி". சரிய்யா. அவ ஸ்கூல்ல படிக்கும்போது என் பனியனைப் பாத்துட்டு, "அப்பா, இந்தக் கறுப்பு ஏன் சோப்புப் போட்டாலும் போகமாட்டேங்குது"ன்னு கேட்டா. அந்தக் கேள்வியிலதான்யா இந்தப் படிப்பே மொளைச்சுது. அப்ப நீ எங்க இருந்த? எவன் வயலையோ சங்கிலி புடிச்சு அளந்துட்டு இருந்த. இன்னிக்கு நாலு முளை அடிச்சு கயிறு கட்டினதும் முதல் பேரு உனக்கு.

வர்றோம். அக்கா கண்ணை நல்லாப் பாத்துக்கச் சொல்லு. ஆபரேஷன் முடிஞ்சு கட்டு அவுத்ததும் உன் மூஞ்சி பளிச்சுன்னு தெரியுமேன்னுதான் எனக்குக் கவலை. இத்தனை வருசமா மங்கலாப் பாத்து சமாளிச்சுட்டா, பாவம்.

உன் கயிறையும் பாக்குறேன்.

சகலை


பிப்ரவரி 22

அன்புள்ள சகலைக்கு,

நீங்கள் வந்து போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது. என் மனைவிக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. நீங்கள் பயந்தது போலவே என் முகத்தைப் பார்த்ததும் கட்டைத் திரும்பப் போட்டுவிடச் சொன்னாள்.

போன சனிக்கிழமை மிளகு தோட்டத்து மண்ணை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை யுனிவர்சிட்டியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். கையில் ஒரு தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து அதை என்னிடம் நீட்டினாள். கோட்டில் இரண்டு பல் நீட்டிக்கொண்டு இருந்தது. என் தோட்டத்து மண்ணில் எண்ணெய்.

"பெரியப்பா, இதுல எப்பவாவது ஏதாவது ஊத்துனீங்களா? சும்மா சொல்லுங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள்.

நான், "எறும்புப் புத்துக்கு மண்ணெண்ணெய் ஊத்துனேம்மா. சொல்ல மறந்துட்டேன்" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "பரவால்ல பெரியப்பா" என்றாள். அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம்.

எப்போது ஊற்றியது என்று உறுதியாகத் தெரியாததால், தோட்டத்தை ஒப்பிட்டு எழுதிய மூன்று அத்தியாயத்தையும் எடுத்துவிடச் சொல்கிறாராம் அவளுடைய பேராசிரியர். எடுத்தால் மிஞ்சுவதை வைத்து ஏப்ரலில் பட்டம் வாங்க முடியாது. வேறு சுத்தமான இடம் தேடி ஆரம்பத்திலிருந்து செய்ய ஒரு வருடம் ஆகும். அவளுக்கு வந்திருக்கிற வேலை ஒரு வருடம் காத்திருக்காது.

என் மனைவி தக்காளிச் செடி அத்தனையையும் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டாள். "இத்தனை நாளா மண்ணெண்ணெயிலதான் எனக்குக் கொழம்பு வச்சிருக்கீங்க" என்று ஒரே சண்டை. மூன்று நாளாக என்னிடம் பேச்சில்லை. மிளகு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். சாப்பிடுகிறாள் என்று எழுதுகிறேன், தட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

இன்னொரு விஷயம். ஆபரேஷன் அன்று நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நீங்கள் இடுப்பு வலி என்று வீட்டில் தங்கினீர்கள். திரும்பி வந்து குளியலறைக்குப் போனேன். சோப்பில் கறுப்பாக நாலு விரல் பதிந்திருந்தது. வண்டியே இல்லாத வீட்டில் எரிந்த ஆயில் எங்கிருந்து வந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை. செவ்வாய்க்கிழமை புரிந்தது.

அந்தச் சோப்பை எறிந்துவிட்டேன். வேறு யாரும் பார்க்கவில்லை. இதைப் பற்றி நான் இனி எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம்.

சர்வேயர்


மார்ச் 1
பட்டறை

யோவ் சகலை,

எழுத வேண்டாமாம். நீ யாருய்யா என் கையைப் புடிக்க?

உன் லெட்டரைப் படிச்சிட்டு பட்டறை ஷட்டரை எறக்கிட்டு உள்ள ஒக்காந்துட்டேன். மூணு லாரி வந்து ஹாரன் அடிச்சிட்டுப் போயிருச்சு. முதல்ல வெக்கமா இருந்துச்சு. ஒரு அரை மணி நேரம். அப்புறம் வந்துச்சு பாரு கோவம், உம் மேல!

நான் ஊத்துனது. என் பாட்டில், என் ஆயிலு, என் வயித்தெரிச்சல். அதையும் நீயே எடுத்துக்கிட்டியா? பொண்ணு உன் வீட்ல, பாசம் உன் மேல, நன்றியில முதல் பேரு உனக்கு. கடைசியா எங்கிட்ட மிச்சம் இருந்தது ஒரு தப்பு. அதையும் "நான்தாம்மா ஊத்துனேன்"னு தலையில தூக்கி வச்சுக்கிட்டு நல்லவனாயிட்ட. இதைவிட நீ என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம். அவ என்னைத் திட்டியிருப்பா. திட்டுனா எங்கிட்டப் பேசுனதாவது மிஞ்சும்.

அதெல்லாம் முடியாது. என் தப்பை எனக்குக் குடுத்துரு.

அதுவும் என்ன பொய்யி! மண்ணெண்ணெய்! ஆயில்லயே பொரண்டவன் மகள்கிட்டப் போயி மண்ணெண்ணெய்னு சொல்லியிருக்க. அவ உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தான்னு எழுதியிருக்க. ஏன் பாத்தான்னு இன்னுமா புரியல? சர்வேயருக்கு நெலம்தான் தெரியும், திரவம் தெரியாது.

இனிமே எழுதறதை அவகிட்ட வார்த்தை விடாமப் படிச்சுக் காட்டு. உன் பொண்டாட்டியையும் கூப்பிட்டு ஒக்கார வை.

மிளகு, பெரியப்பா ஒண்ணும் ஊத்தல. நான்தான் ஊத்துனேன். பிப்ரவரி அஞ்சாந்தேதி, மத்தியானம் பதினொண்ணரை மணி. பெரியம்மாவுக்கு ஆபரேஷன். எல்லாரும் கெளம்புனதும் பையில இருந்த அரை லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலை எடுத்தேன். பஸ்ல ஆறு மணி நேரம் மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரரு ஒரு வாய் கேட்டாரு. இருமல் மருந்துன்னு சொல்லிட்டேன். கயிறு கட்டியிருந்த எடத்துல, கட்டத்துக்கு ஆறு மூடி. பல்சக்கரத்துக்கு எண்ணெய் வுடற மாதிரி ஒரே அளவு, நட்ட நடுவுல. அப்புறம் குச்சியால கிளறி மண்ணை மூடுனேன். சோப்புல கை கழுவுனேன். அங்கதான் மாட்டுனேன்.

உன் படிப்பைக் கெடுக்கணும்னு நெனைக்கலம்மா. பெரியப்பா மண்ணுலயும் ரெண்டு பல்லு வரட்டும், அந்த 'சுத்த மண்' சீட்டைக் கிழிச்சுப் போடுவ, அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு ஆயிரும்னு நெனச்சேன். அந்த மண்ணு இல்லன்னா ஒன் பட்டமே நின்னு போகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிக்கணும்னு தோணவும் இல்ல. கண்ணுல பொறாமை நெறைஞ்சு கெடந்துச்சு. ஆபரேஷன் எனக்குப் பண்ணியிருக்கணும்.

சகலை, படிச்சுக் காட்டுறதை இத்தோட நிறுத்திரு. இதுக்கு மேல இருக்கறது உனக்கு.

அக்காகிட்ட சொல்லு, கொழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. நான் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மாசு


மார்ச் 14

சகலைக்கு,

படித்துக் காட்டினேன். வார்த்தை விடவில்லை.

கூல்டிரிங்ஸ் பாட்டில் வந்த இடத்தில் என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மிளகு சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை படிங்க" என்றாள். படித்தேன். "மூடி எத்தனை சொன்னாரு?" என்று கேட்டாள். ஆறு என்றேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மண்ணெண்ணெயை அவள் முதல் நாளே நம்பவில்லையாம். "அது இந்த வெயிலுக்குப் பாதி பறந்திருக்கும் பெரியப்பா. இது கனமான எண்ணெய். நீங்க யாருக்காகவோ பொய் சொல்றீங்கன்னு தெரியும். யாருன்னு எங்கிட்ட நானே கேட்டுக்கப் பிடிக்கல" என்றாள். நான் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் அவளாகவே தோட்டத்துக்கு வந்தாள். இந்தத் தடவை மண்ணைக் கலக்கவில்லை. பதினாறு கட்டத்துக்கும் தனித்தனி டப்பா. எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பார்த்து, ஒரு கரைப்பானில் கழுவி, மறுபடியும் பார்த்திருக்கிறாள். உங்கள் பட்டறை மண்ணைக் கழுவினால் பல் பாதிகூடக் குறைவதில்லை. முப்பது வருட எண்ணெய் மண்ணில் மக்கிப்போன இலைதழையோடும் களிமண்ணோடும் கட்டிக்கொண்டு கிடக்கிறது. இங்கே ஊற்றியது ஒரு மாத எண்ணெய். ஒரே கழுவலில் முக்கால்வாசி போய்விட்டது. புது எண்ணெய், பழைய எண்ணெய் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவளுக்கு இதுவரை வழி இல்லாமல் இருந்ததாம். பேராசிரியர் அதை வைத்து ஒரு அத்தியாயம் எழுதலாம் என்கிறார். ஊற்றிய தேதியும் அளவும் எழுத்தில் இருப்பதால் மட்டும்தான் ஒத்துக்கொண்டார். உங்கள் கடிதத்தின் அந்தப் பக்கத்தை மிளகு வெட்டி எடுத்துக்கொண்டாள். எனக்கு எழுதிய பக்கத்தை எனக்கே விட்டுவிட்டாள்.

இதற்காக நீங்கள் துள்ள வேண்டாம். ஊற்றாத மண் என்று ஒன்று இருந்தால்தான் இதுவும் நிற்கும். முன்னால் எடுத்த டப்பா மண் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது. அங்கேதான் ஒரு குழப்பம்.

பதினைந்து கட்டத்தில் பல் ஒரே உயரம். "கோடு போட்ட மாதிரி ஊத்தியிருக்காரு" என்றாள். பன்னிரண்டாம் கட்டத்தில் பல்லே இல்லை. மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். சுத்தமான மண். அந்த ஓரடி மண் நிஜமாகவே ஊற்றாமல் விட்டதுதான் என்று உறுதியானால், அதை வைத்து ஏப்ரலில் முடித்துவிடலாம். அங்கேயும் ஊற்றி, மழையில் ஒதுங்கி ஓடியிருந்தால், எதையும் நம்ப முடியாது. பேராசிரியர் காரணம் கேட்கிறார், எழுத்தில்.

நான், "அப்பாவுக்கு நீயே போன் பண்ணிக் கேளேம்மா" என்றேன்.

"உங்க சகலையை நீங்களே கேளுங்க" என்றாள்.

அப்பா என்று சொல்லவில்லை. இதை எழுதாமல் விட்டிருக்கலாம். நீங்கள் உங்கள் தவறைத் திருப்பிக் கேட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டாம் கட்டத்தில் ஊற்றினீர்களா, இல்லையா? இல்லை என்றால் ஏன்?

சர்வேயர்


மார்ச் 19
பட்டறை

சகலை,

"உங்க சகலை"ங்கறது வரைக்கும் படிச்சிட்டு மடிச்சு வச்சிட்டேன். சாயங்காலம் மறுபடியும் எடுத்துப் பாத்தேன். அப்பவும் அதேதான் இருந்துச்சு.

என் பொண்டாட்டிகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவ பனியனை மட்டும் இனிமே நீயே தொவைச்சுக்கன்னுட்டா.

கேட்டதுக்குப் பதில். ஊத்தல. சத்தியமா ஊத்தல. மழையிலயும் ஓடல, மறதியிலயும் விடல. பதினோராவது கட்டம் முடிச்சிட்டு முட்டி போட்டபடியே நகந்தேன். பன்னெண்டாவதுல அவ செருப்பு கெடந்துச்சு. ஆஸ்பத்திரிக்கு ஷூ மாட்டிக்கிட்டுப் போனா. மண்ணுல நிக்கும்போது போடுற ரப்பர் செருப்பை அங்கயே விட்டுட்டுப் போயிட்டா.

ஒரு வாரு அந்துபோயி நைலான் கயிறுல தச்சிருந்துச்சு. உன் வேலைதான் அது, நீ கட்டத்துக்குக் கட்டுன அதே வெள்ளைக் கயிறு. பாத்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும்? செருப்பு மேலயே பன்னெண்டு மூடி ஊத்தலாமான்னு கை பரபரத்துச்சு. நெசமாச் சொல்றேன், மூடியில ரொப்பிட்டேன்.

அப்பத்தான் குதிகாலைப் பாத்தேன். இடதுகால் செருப்பு மட்டும், வெளிப்பக்கமா சாஞ்சு தேய்ஞ்சிருக்கு. வலதுகால் செருப்பு புதுசாட்டம் இருக்கு. எஞ் செருப்பும் அப்படித்தான்யா தேயும், சின்ன வயசுலேர்ந்து. நான் சாஞ்சு நடக்கறேன்னு ஊரே கேலி பண்ணும். அவ சாஞ்சு நடக்கறான்னு எனக்கு இத்தனை வருசமாத் தெரியாது. நான் எப்பவும் லாரிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக் கெடந்தவன். அவ வர்றதும் போறதும் பாதம்தான் தெரியும், நடை தெரியாது.

செருப்பை நகத்திட்டு ஊத்தியிருக்கலாம். முடியல. மூடியில இருந்ததைத் திரும்பப் பாட்டில்ல விட்டேன். ஒரு சொட்டு என் பெருவெரல்ல விழுந்துச்சு, மண்ணுல விழல. அடுத்த கட்டத்துக்குப் போயிட்டேன். அங்க நிறுத்தியிருக்கணும்னு நீ சொல்லுவ. எனக்கும் தெரியும். நிறுத்தலையே. மிச்சம் நாலு கட்டத்துலயும் ஊத்திட்டுத்தான் எந்திரிச்சேன்.

இதை எப்படி ஆராய்ச்சியில எழுதுவான்னு தெரியல. 'பட்டறைக்காரன் மனசு எளகிருச்சு'ன்னு போட்டா அந்தப் பேராசிரியரு சிரிப்பாரு. மெஷினுக்கும் அதெல்லாம் தெரியாது. 'பன்னிரண்டாம் கட்டத்தில் ஊற்றவில்லை, அங்கே செருப்பு இருந்தது'ன்னு மட்டும் போடச் சொல்லு. யாரோட செருப்புன்னு போடணுமா வேணாமான்னு அவளே முடிவு பண்ணட்டும். கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். தேதி, மணி, அளவு எல்லாம் நான் மொதல்ல சொன்னதுதான், ஒரு மூடி மாத்தமாட்டேன்.

நன்றியில உன் பேரே முதல்ல இருக்கட்டும். எரியுதுதான். எரிஞ்சாலும் இருக்கட்டும்.

அவ செருப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக் குடுத்திராத. வாங்கறதா இருந்தா எனக்கு எழுது, அளவு நான் சொல்றேன். தப்பா இருந்தா அவ திருத்தட்டும். திருத்துறதுக்காச்சும் ஒரு போன் வரும்ல.

அவ அப்பன்